அசலை மிஞ்சுமா நகல்? பலெர்மோவில் ஒரு விண்வெளி காமெடி கிளப்பிய சண்டை

சண்டை தொடங்கியது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். தொடங்கி வைத்தவன் என் மனைவியின் அண்ணன் மகன். வயது 17. பலெர்மோவில் பிறந்து, வளர்ந்து, இங்கேயே மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறான். பொங்கல் விழாவுக்கு இளைஞர்கள் ஒரு நாடகம் போட வேண்டும். அதற்கு அவனும் நண்பர்களும் சேர்ந்து ஒரு கதை எழுதியிருந்தார்கள். பெயர், 'கப்டன் அரிச்சந்திரன்'.

கதை இதுதான். 25ஆம் நூற்றாண்டு. பொய்யே சொல்லாத ஒரு விண்கலக் கப்டன். அந்தக் குணத்தாலேயே கலத்தை இழக்கிறார், மனைவி மகனைப் பிரிகிறார், கடைசியில் ஏதோ ஒரு கிரகத்தின் குடிவரவு அலுவலகத்தில் கவுண்டர் காவலுக்கு நிற்கிறார். மூன்று கண், ஆறு கை உள்ள வேற்றுக்கிரகவாசிகள் டோக்கன் எடுத்துக்கொண்டு வரிசையில் காத்திருக்கிறார்கள். யார் வந்தாலும் கப்டன் கேட்பது ஒன்றுதான்: "16 யூரோ முத்திரை எங்கே?"

இத்தாலியில் வாழ்பவர்களுக்கு இந்த நகைச்சுவையை விளக்க வேண்டியதில்லை. மற்ற நாட்டு வாசகர்களுக்காக: வதிவிட அனுமதி விண்ணப்பம் போன்ற பல காரியங்களுக்கு இங்கே 'மார்க்கா த போல்லோ' என்ற 16 யூரோ வரி முத்திரை ஒட்ட வேண்டும். அது இல்லாமல் காகிதம் நகராது.

மேசையில் எல்லோரும் சிரித்தோம், என் மாமனாரைத் தவிர. அவர் இளவயதில் ஊர்க் கோயில் திருவிழாக்களில் அரிச்சந்திர மயான காண்டம் ஆடியவர். நடிகமணி வி.வி. வைரமுத்து மேடையில் அரிச்சந்திரனாக நின்று பாடியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. எங்கள் விழாவில் வருஷா வருஷம் பெரியவர்கள் மயான காண்டத்தில் ஒரு பகுதியைப் போடுவார்கள். சுடலை காக்கும் அரிச்சந்திரன், இறந்த மகனைத் தூக்கி வரும் சந்திரமதியிடம், அவள் யாரென்று தெரியாமல் கால்பணமும் முழத்துண்டும் கேட்கிற காட்சி. அதைத்தான் பிள்ளைகள் 16 யூரோ முத்திரையாக மாற்றியிருந்தார்கள்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கள் படிச்ச ஆள். நீங்களே சொல்லுங்கோ. எங்கட மயான காண்டத்தைப் பகிடி பண்ணலாமோ?"

நான் மதுரைக்காரன். இன்ஜினியரிங் முடித்து, சென்னையிலும் பிறகு மிலானிலும் ஐ.டி. வேலை பார்த்தவன். கல்யாணம் என்னைப் பலெர்மோவோடு சேர்த்தது. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் இங்கேயே குடிவந்துவிட்டேன். ஈழத்துக் குடும்பத்துக்குள் நான் ஒரு 'இந்தியாக்கார மருமகன்'. இந்த மாதிரிப் பஞ்சாயத்துகளில் பெரியவர் பக்கம் சாய்வதுதான் எனக்குப் பத்திரம். "வேணாம்டா மருமகனே. அசல் அசல்தான். நகல் அன்னைக்கு ராத்திரியோட மறந்துபோயிரும்" என்றேன்.

அவன் விடவில்லை. "மாமா, நீங்கள் ஸ்டார் ட்ரெக் ஆள்தானே. 'தி ஆர்வில்' பார்த்தனீங்களோ?"

பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று ஒரு வைராக்கியமே வைத்திருந்தேன். அந்த வைராக்கியம் எப்படிக் கரைந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இரண்டு வார இடைவெளியில் இரண்டு விண்கலங்கள்

ஹாஸ்டலில் கை மாறிக் கை மாறி வந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் எனக்கு ஸ்டார் ட்ரெக் அறிமுகம். 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர். மூன்று சீசன், 79 எபிசோடுகளோடு 1969இல் நிறுத்திவிட்டார்கள். மறுஒளிபரப்புகளில்தான் அது மக்களைப் பிடித்தது. அப்புறம் சினிமாக்கள், அடுத்தடுத்த தொடர்கள் என்று ஒரு பேரரசே எழுந்தது. எனக்கு அதில் பிடித்தது லேசர் சண்டை அல்ல. பல இனத்தார் ஒரே கலத்தில் ஒன்றாக வேலை பார்க்கிறார்கள், பேசிப் பேசியே பிரச்சினையைத் தீர்க்கப் பார்க்கிறார்கள். முதல் வருஷம் ஹாஸ்டலில் இங்கிலீஷ் பேச வராமல் ஒதுங்கி நின்ற எனக்கு அந்தக் கலம் ஒரு ஆறுதல்.

2017இல் பல வருஷ இடைவெளிக்குப் பிறகு ஸ்டார் ட்ரெக் மறுபடியும் தொலைக்காட்சிக்கு வந்தது. 'டிஸ்கவரி' என்ற புதுத் தொடர், செப்டம்பர் 24. அதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு, செப்டம்பர் 10 அன்று, ஃபாக்ஸ் சேனலில் 'தி ஆர்வில்' தொடங்கியது. எழுதி, தயாரித்து, கப்டனாக நடித்தவர் சேத் மெக்ஃபார்லேன். 'ஃபேமிலி கை' என்ற கார்ட்டூன் காமெடியால் பெயர் வாங்கியவர். ஆர்வில் கலத்தின் கப்டன் எட் மெர்சர். அவருக்குக் கீழே துணைக் கப்டனாக வருவது விவாகரத்தான முன்னாள் மனைவி. கேட்டதுமே தெரிகிறது அல்லவா, இது கிண்டல் கேஸ் என்று? விமர்சகர்கள் பலரும் முதல் சீசனை அப்படித்தான் எழுதித் தள்ளினார்கள். பார்வையாளர்கள் வேறு மாதிரித் தீர்ப்புச் சொன்னார்கள்.

மருமகனோடு உட்கார்ந்து பார்த்தேன். முதல் இரண்டு எபிசோடு எனக்கு ஒட்டவில்லை. சில ஜோக்குகள் ஹாஸ்டல் தரம். மூன்றாவது எபிசோடில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போர்ட்டஸ் என்ற அதிகாரி ஆண்கள் மட்டுமே உள்ளதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் இனத்தைச் சேர்ந்தவர். அவருக்குப் பெண் குழந்தை பிறந்துவிடுகிறது. அறுவை சிகிச்சை செய்து குழந்தையை ஆணாக மாற்ற வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது. நல்லவர்கள் வாதாடுகிறார்கள், கண்ணீர் விடுகிறார்கள். தோற்கிறார்கள். குழந்தை மாற்றப்படுகிறது. பெண் பிறந்தால் முகம் சுருங்கும் வீடுகளை நம் ஊரில் பார்த்தவன் நான். காமெடி என்று போட்ட ஒன்று என்னை இப்படிப் பிடித்து உலுக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. 2022இல் வந்த மூன்றாம் சீசனில் அந்தக் குழந்தை வளர்ந்து வந்து, தனக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கிறது. தொடர் அந்தக் கடனை மறக்கவில்லை.

முதல் சீசனிலேயே இன்னொரு எபிசோடு: ஒரு கிரகத்தில் எல்லோர் நெஞ்சிலும் விருப்பு, வெறுப்பு பட்டன். போகிற வருகிறவர் எல்லாம் அழுத்தலாம். வெறுப்பு அளவு மீறினால் தண்டனை. குற்றமா இல்லையா என்பதை உண்மை முடிவு செய்வதில்லை, ஓட்டு முடிவு செய்கிறது. சமூக ஊடகத்தில் ஒருநாளாவது அடி வாங்கியவர்களுக்கு இது அறிவியல் புனைவே அல்ல.

அதே சமயத்தில் 'டிஸ்கவரி' என்ன செய்துகொண்டிருந்தது? போர். கலகம் செய்த நாயகி, யாரையும் நம்ப முடியாத கப்டன், ஒரே நீண்ட இருட்டுக் கதை. அது மட்டமான தொடர் என்று சொல்ல மாட்டேன். ஐந்து சீசன் ஓடி 2024இல் முடிந்தது, அதற்கென்று ரசிகர்களும் உண்டு. ஆனால் ஒரு எபிசோடில் ஒரு கிரகம், ஒரு தர்மசங்கடம், கடைசியில் கொஞ்சம் நம்பிக்கை என்ற பழைய ருசி அந்த முதல் சீசனில் குறைவு. அந்த ருசி நகல் கடையில் கிடைத்தது.

அது தற்செயல் அல்ல. ஆர்வில் கலத்தில் வேலை பார்த்தவர்களைப் பாருங்கள். நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர் பிரானன் பிராகா, ஸ்டார் ட்ரெக்கை வருஷக்கணக்கில் எழுதித் தயாரித்தவர். எபிசோடு இயக்கியவர்களில் ஜொனாதன் ஃப்ரேக்ஸ், 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் ரைக்கர். கலத்தின் டாக்டராக வரும் பென்னி ஜான்சன் ஜெரால்ட், 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் நடித்தவர். மெக்ஃபார்லேனே ஒரு காலத்தில் 'எண்டர்பிரைஸ்' தொடரில் சின்ன வேடத்தில் தலை காட்டியவர். வெளியே நின்று கல்லெறிந்தவர்கள் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள்.

எங்கள் துறையில் இதற்கு ஒரு பெயர் உண்டு: ஃபோர்க். ஒரு திறந்த மூல மென்பொருள் போகிற பாதை பிடிக்காவிட்டால், சிலர் அதே நிரலை எடுத்துக்கொண்டு தனியாகப் பிரிந்து வளர்ப்பார்கள். 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்த லிப்ரே ஆபீஸ் அப்படித்தான். இன்றைக்குப் பலர் கம்ப்யூட்டரில் இருப்பது பிரிந்து போனதுதான். நகல் என்று யாரும் அதைக் கேலி செய்வதில்லை. அசல் கைவிட்டதை அது தொடர்ந்து செய்தது, அவ்வளவுதான்.

கிண்டலில் இரண்டு ஜாதி

அப்படியானால் எல்லா நகலும் ஜெயிக்குமா? இல்லை. மெல் ப்ரூக்ஸின் 'ஸ்பேஸ்பால்ஸ்' 1987இல் வந்தது, 'ஸ்டார் வார்ஸ்' வந்து பத்து வருஷம் கழித்து. இத்தாலியில் அதன் பெயர் 'பல்லே ஸ்பத்சியாலி'. 'பல்லே' என்றால் இத்தாலியனில் புளுகு என்றும் ஒரு அர்த்தம் உண்டு. வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் ஸ்டார் வார்ஸ் பார்க்காத ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். பாதி ஜோக் காற்றில் போகும். நிழல் மாதிரி, ஆள் நின்றால்தான் அது நிற்கும்.

இதற்கு நேர் எதிர், 1999 கிறிஸ்துமஸுக்கு வந்த 'கேலக்ஸி குவெஸ்ட்'. ஸ்டார் ட்ரெக் மாதிரியான ஒரு பழைய தொடரில் நடித்துவிட்டு, இப்போது ரசிகர் கூட்டங்களிலும் கடை திறப்பு விழாக்களிலும் தலை காட்டிப் பிழைக்கும் நடிகர்கள். அவர்களைத் தேடி நிஜ வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள். தெர்மியன்கள் என்று பெயர். அவர்களுக்குப் பொய் என்றால் என்னவென்றே தெரியாது. தொடரை வரலாற்று ஆவணம் என்று நம்பி, அதில் வரும் கலத்தை அச்சாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். எங்களைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சுகிறார்கள்.

ஒரு கட்டத்தில், கப்டனாக நடித்த நடிகர் தெர்மியன்களின் தலைவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டி வருகிறது. நாங்கள் வீரர்கள் இல்லை, நடித்தோம், அது எல்லாம் பொய். டிம் ஆலன் அதைச் சொல்லும்போது எதிரே இருக்கும் அந்த அப்பாவி முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதேபோல ஆலன் ரிக்மன் நடித்த பாத்திரம்: தொடரில் தன் வாயில் திணித்த பஞ்ச் வசனத்தை ஜென்மப் பகையாக வெறுக்கும் நாடக நடிகர். சாகக் கிடக்கும் ஒரு ரசிகனுக்காக அந்த வசனத்தை முதல் தடவையாக மனசார்ந்து சொல்கிறார். அந்த இடத்தில் கிண்டல் நின்றுபோகிறது. அதுவரை நாம் சிரித்த அதே வசனம் உண்மையாகிறது.

ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் இதைக் கோபத்தோடு பார்த்தார்களா? 2013இல் லாஸ் வேகஸில் நடந்த ரசிகர் மாநாட்டில் ஸ்டார் ட்ரெக் படங்களை வரிசைப்படுத்தினார்கள். பட்டியலில் 'கேலக்ஸி குவெஸ்ட்'டையும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு ஏழாவது இடம். பல நிஜ ஸ்டார் ட்ரெக் படங்கள் அதற்குக் கீழே. அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டின் ஹ்யூகோ விருதை 'தி மேட்ரிக்ஸ்' போட்டியில் இருந்தும் அதுதான் வாங்கியது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? 'ஸ்பேஸ்பால்ஸ்' அசலின் உடையைக் கிண்டல் செய்கிறது. 'கேலக்ஸி குவெஸ்ட்' அசலின் பெருமையடிப்பைக் கிண்டல் செய்துவிட்டு, அதன் நம்பிக்கையைத் தொடாமல் காப்பாற்றுகிறது. என் கணக்கில், அசலைப் பார்க்காதவனையும் தொட முடிந்தால் அந்த நகல் தன் காலில் நிற்கிறது.

பலெர்மோவிலிருந்து விண்வெளிக்குப் போன இரண்டு பேர்

இந்த இடத்தில் மருமகனுக்குத் தெரியாத ஒன்றை நான் எடுத்துப் போட்டேன். அவன் ஊர்க்காரர்கள் 1965லேயே விண்வெளி காமெடி எடுத்துவிட்டார்கள்.

ஃபிராங்கோ ஃபிராங்கி, சிச்சோ இங்ராசியா. இருவரும் பலெர்மோவில் பிறந்தவர்கள். ஃபிராங்கோ தெருவில் வித்தை காட்டிப் பிழைத்தவர். ஒருவர் குள்ளம், முகத்தை ரப்பர் மாதிரி வளைப்பார். மற்றவர் நெட்டை, மீசை, விறைப்பு. நம் கவுண்டமணி செந்தில் ஜோடியை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்து நடித்தது 100க்கும் மேற்பட்ட படங்கள். பாதிக்கு மேல் யாரோ எடுத்த பெரிய படத்தின் நகல் மாதிரித் தெரியும். செர்ஜியோ லியோனே 1966இல் 'நல்லவன், அசிங்கமானவன், கெட்டவன்' எடுத்தார். அடுத்த வருஷமே இவர்கள் 'அழகன், அசிங்கமானவன், முட்டாள்' என்று இறக்கினார்கள்.

1965இல் லூச்சோ ஃபுல்ச்சி இயக்கிய '002 ஒபெரத்சியோனே லூனா', அதாவது '002 நிலவு நடவடிக்கை'. பெயரிலேயே 007 கிண்டல். இரண்டு சோவியத் விண்வெளி வீரர்கள் தொலைந்து போகிறார்கள். மானத்தைக் காப்பாற்ற, அதே முகச்சாயல் உள்ள இரண்டு சிசிலிக்காரச் சில்லறைத் திருடர்களைப் பிடித்து ராக்கெட்டில் ஏற்றுகிறார்கள். அதே வருஷம்தான் லியோனோவ் நிஜமாகவே விண்ணில் நடந்து காட்டினார். வல்லரசுகள் நிலவுக்கு ஓட்டப்பந்தயம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், வேலை தேடி வடக்கே போய்க்கொண்டிருந்த தென் இத்தாலிக்காரன், 'அந்த ராக்கெட்டில் எங்களை ஏற்றினால் உதிரிப் பாகமாகத்தான் ஏற்றுவார்கள்' என்று சிரித்துக்கொண்டான்.

அந்தக் கால விமர்சகர்கள் இந்த ஜோடியைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் 1968இல் பசோலினி தன் குறும்படம் ஒன்றில் இருவரையும் நடிக்க வைத்தார். 1973இல் ஃபெலினி தன் 'அமர்கோர்ட்' படத்துக்கு சிச்சோவைக் கூப்பிட்டார். மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும் பைத்தியக்கார மாமா அவர்தான். படம் எல்லாம் தரமா என்றால் இல்லை. அவசரத்தில் எடுத்தவை. அந்த இரண்டு முகங்கள் மட்டும் நிலைத்தன. ஏனென்றால் அந்த முகங்கள் யாருடைய நகலும் இல்லை.

நம் ஊர்க் கணக்கு

தமிழிலும் விண்வெளி நமக்குப் புதிது அல்ல. 1963இலேயே 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் பானுமதியை இசை கற்றுக்கொடுக்கக் கடத்திப் போனார்கள், எம்.ஜி.ஆர் போய் மீட்டார். ஆனால் நகல் அசலை மிஞ்சிய கதைக்கு நமக்கு வேறு படம் இருக்கிறது. 2006இல் சிம்புதேவன் இயக்கிய 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'. பிரிந்த இரட்டைச் சகோதரர்கள், சதி செய்யும் மாமன், வாள்வீச்சு என்று 'உத்தம புத்திரன்' வகை ராஜா படங்களின் அச்சு அசல் நகல். வெளிநாட்டில் வளர்ந்த எத்தனை பிள்ளைகள் 1958இல் வந்த சிவாஜியின் 'உத்தம புத்திர'னைப் பார்த்திருப்பார்கள்? வடிவேலுவின் மீசையை அடையாளம் தெரியாத பிள்ளை உண்டா? நான் மருமகனுக்கு 'உத்தம புத்திரன்' போட்டுக் காட்டியபோது அவன் கேட்டது: "மாமா, இது புலிகேசியைப் பார்த்துச் செய்ததோ?"

சிரிக்கலாம். ஆனால் அவன் அந்தப் படத்தைக் கடைசிவரை பார்த்தான். புலிகேசி இல்லாவிட்டால் சிவாஜி முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்க மாட்டான்.

2010இல் வந்த 'தமிழ்ப் படம்' இன்னொரு உதாரணம். ஒரே பாட்டில் பணக்காரன் ஆகும் ஹீரோவை அது அப்படிக் கிழித்த பிறகு, அந்தக் காட்சியை எந்தப் படத்தில் பார்த்தாலும் நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. கிண்டல் சில சமயம் துடைப்பம். பழசாகிப்போனதைப் பெருக்கித் தள்ளும்.

இதை எல்லாம் பேசும்போது எனக்குச் சின்ன வயது ஞாபகம் வந்தது. மதுரைப் பக்கம் கோயில் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த நாடகம். முதலில் வருவது முருகனோ வள்ளியோ அல்ல. பபூன். அவர் காமெடி பண்ணி, ஆடி, கூட்டத்தைப் பிடித்து உட்கார வைப்பார். அப்புறம்தான் ராஜபார்ட். பபூனுக்காக வந்த கூட்டம் விடிகாலை வரை முருகனுக்காகக் காத்திருக்கும். பபூன் ராஜபார்ட்டைக் கிண்டல் செய்வார். யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொண்டதில்லை. ஏனென்றால் நாடகத்தில் எல்லா வேஷமும் எல்லாப் பாட்டும் தெரிந்தவர்தான் நல்ல பபூனாக முடியும். இதே மரபுதான் கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் என் மாமனார் ஆடிய இசை நாடகமாகவும் இருந்தது. அவர் தொடக்கத்தில் மறந்துவிட்டதும், நான் மறந்துவிட்டதும் இந்தப் பபூனைத்தான்.

மிஞ்சினால் அசல் என்ன ஆகும்?

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். 'தி ஆர்வில்' இதுவரை மூன்று சீசன், 36 எபிசோடு. அறுபது வருஷ மரபை அது அழித்துவிடவில்லை. இன்னொன்று, மூன்றாம் சீசனுக்கு வந்தபோது ஜோக்குகள் ரொம்பவே குறைந்து, அது கிட்டத்தட்ட ஒரு சீரியஸ் தொடராகவே ஆகிவிட்டது. காமெடி ஜெயித்தது என்று சொல்வதை விட, காமெடி என்ற டிக்கெட்டில் உள்ளே வந்த பழைய நம்பிக்கை ஜெயித்தது என்று சொல்வதே சரி.

அசலும் சும்மா இருக்கவில்லை. 2020இல் 'லோவர் டெக்ஸ்' என்று ஸ்டார் ட்ரெக் பெயரிலேயே ஒரு கார்ட்டூன் காமெடி வந்தது. 2022இல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' பழையபடி ஒரு எபிசோடுக்கு ஒரு கதை என்று திரும்பியது. 2023இல் கார்ட்டூன் பாத்திரங்கள் நிஜ நடிகர்களாகவே அந்தத் தொடருக்குள் விருந்தாளியாக வந்தார்கள். அதை இயக்கியது யார்? அதே ஜொனாதன் ஃப்ரேக்ஸ். ஆர்வில்லைப் பார்த்துத்தான் இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிரிப்பைக் கண்டு அந்த வீடு இப்போது பயப்படுவதில்லை.

மென்பொருளிலும் இப்படி நடந்திருக்கிறது. 2014 கடைசியில் நோட் ஜேஎஸ்ஸிலிருந்து ஐஓ ஜேஎஸ் என்று பிரிந்தது. 2015இல் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. பிரிந்தவர்கள் கொண்டுவந்த வேகம் அசலுக்குள் போனது. நல்ல ஃபோர்க்கின் உச்சம் அசலை வீழ்த்துவது அல்ல. ஒருநாள் அசல் அதை வாங்கிக்கொள்வது.

பொங்கல் விழா

மாமனாரிடம் போய் என் பேச்சை நான் வாபஸ் வாங்கினேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார். கடைசிக் காட்சியில் பிள்ளைகள் எழுதியிருந்த சிவபெருமான் மேடைக்கு வரக் கூடாது. பிள்ளைகள் ஒப்புக்கொண்டு, அதை 'மேலிடத்து ஆபீசர்' என்று மாற்றினார்கள்.

வாடகை மண்டபம். பின் வரிசையில் நின்று பார்த்தேன். 16 யூரோ முத்திரை ஜோக்குக்கு மண்டபம் அதிர்ந்தது. அந்த வரிசையில் நிற்காதவர் அங்கே யார்? பிறகு மயான காண்டக் காட்சி வந்தது. சந்திரமதி கவுண்டருக்கு வருகிறாள். அவள் கையில் பிணம் இல்லை. ஒரு கோப்பு. மகனுடையது. கால எல்லை தாண்டிக் காலாவதியாகிவிட்டது.

இத்தாலியில் இது என்ன என்று சொல்ல வேண்டும். இங்கே வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளை பிறப்பால் குடியுரிமை பெறுவதில்லை. 1992ஆம் ஆண்டின் 91ஆம் எண் சட்டப்படி, 18 வயது வரை இடைவிடாமல் இங்கே வசித்திருந்தால், 18 முடிந்த ஒரு வருஷத்துக்குள் அறிவித்துக் கேட்கலாம். அந்த வருஷம் தவறினால் வேறு நீண்ட வழி. என் மருமகனுக்கு வயது 17.

கப்டன் கோப்பைத் திறக்கிறார். தன் மகன் பெயரைப் பார்க்கிறார். தேதியை ஒரே ஒரு நாள் மாற்றி எழுதினால் போதும். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் அவர் அரிச்சந்திரன். மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. சற்றுமுன் சிரித்தவர்கள்தான் அத்தனை பேரும். மேலிடத்து ஆபீசர் வருகிறார், காப்பாற்ற. டோக்கன் எடுக்காததால் அவரை உள்ளே விட மறுக்கிறார்கள். சிரிப்பு மறுபடி கிளம்பி, பாதியிலேயே நின்றது. மகனாக நடித்த பையன் கோப்போடு தனியாக நிற்க, விளக்கு அணைந்தது.

மாமனாரைப் பார்த்தேன். வெகுநேரம் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் சொன்னார்: "பொடியள் விளங்கித்தான் செய்திருக்கிறாங்கள், தம்பி. நாங்கள் இவ்வளவு காலமும் பாட்டை மட்டும்தான் பாடியிருக்கிறம் போல."

என் பதில் இப்போது இதுதான். நகல் அசலை மிஞ்சும், அசல் எதற்காக அழுதது என்று அதற்குத் தெரிந்திருந்தால். தெரியாவிட்டால் எத்தனை ஜோக் போட்டாலும் அது அன்று ராத்திரியோடு சரி. இங்கே பிறந்த நம் பிள்ளைகளின் தமிழை, அவர்கள் ஆடும் ஆட்டத்தை, 'ஊர்ல இருக்கிற மாதிரி இல்லையே' என்று நாமும் ஊரில் இருப்பவர்களும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். இனி அப்படிச் சொல்வதற்கு முன் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

மறுவாரம் மருமகன் அவன் அப்பப்பாவிடம் போய் உட்கார்ந்திருக்கிறான். மயான காண்டத்தின் அசல் பாட்டைச் சொல்லித்தரச் சொல்லி. அடுத்த வருஷம் இரண்டையும் ஒரே மேடையில் போடப் போகிறார்களாம். முதலில் பபூன், பிறகு ராஜபார்ட்.